கண்ணாடியில் படியாத மூச்சு

லென்ஸை அம்மாவின் மூக்குக்கு நேரே பிடித்தாள் சின்னவள். அதில் ஆவி படியவில்லை.

லென்ஸைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள். காத்திருந்தாள். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பப் போராடிக்கொண்டிருந்தார்கள். அது சில தடவை இருமி அடங்கிய பிறகுதான் கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு படலம் வந்தது. வந்த வேகத்திலேயே மறைந்தது.

உயிர் இருக்கிறது. ஆனால் இது என்ன மூச்சு?

சின்னவளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. வீட்டில் மட்டும் இன்னும் சின்னவள். அண்ணன் செல்லமாக ‘பூதக்கண்ணாடி’ என்பான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. காலையில் கடை, மதியத்துக்கு மேல் அம்மா.

அம்மாவுக்குத் தொண்ணூற்று நான்கு. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் விரிசல். இந்த வயதில் கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். வலிக்கு மட்டும் ஒரு மருந்துப் பிளாஸ்திரி எழுதிக் கொடுத்தார். கண்ணாடித் தாள் மாதிரி மெல்லியது; தோலில் ஒட்டினால் மருந்து மெதுவாக உள்ளே இறங்கும். மூன்று நாளைக்கு ஒன்று. பழசை எடுத்துவிட்டுத்தான் புதுசு.

அம்மாவுக்கு அதைப் பிடிக்கவில்லை. “எதுக்குடா என்மேல ஒட்டிக்கிட்டே இருக்கீங்க? நான் என்ன தபால் உறையா?” என்று நகத்தால் கிளப்பி எறிந்துவிடுவாள். ஒரு தடவை தலையணை உறைக்குள் கிடைத்தது. இன்னொரு தடவை, நலம் விசாரிக்க வந்த மேல்மாடி அக்காவின் முழங்கையில் ஒட்டிக்கொண்டு மாடி ஏறிப் போயிருந்தது.

ஆனால் இந்த வாரம் அம்மா எதையும் பிய்க்கவில்லை. வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூங்கினாள். எல்லோருக்கும் சந்தோஷம். இன்று மதியம் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணன் வாசலில் செருப்பை மாட்டியபடி, “குழந்தை மாதிரி தூங்குறாங்க. எழுப்பாத” என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

சின்னவளும் எழுப்பவில்லை. முதுகுக்கு இதமாக இருக்கட்டும் என்று தினம் போலவே வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அம்மாவின் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் செருகினாள். திரைச்சீலையை இழுத்து மூடினாள். பிறகு பால் ஆற்றிக் கொண்டுவந்தாள்.

கரண்டியால் ஊட்டிய பால் கடைவாயில் வழிந்து தலையணையில் இறங்கியது. அம்மா விழுங்கவில்லை.

“அம்மா… அம்மா, இங்க பாரு.”

“ம்” என்று ஏதோ கிணற்று ஆழத்திலிருந்து வந்தது. பிறகு ஒரு குறட்டை. பிறகு ஒன்றுமே இல்லை. நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை. அப்போதுதான் பைக்குள் கைவிட்டு, விளிம்பு சிதைந்ததால் கடையில் ஒதுக்கிய அந்த லென்ஸை எடுத்தாள்.

கதவு திறந்துதான் இருந்தது. மேல்மாடி அக்கா உள்ளே வந்தாள். அவளுக்கு அந்தக் கட்டடம் முழுக்க ‘வானொலி’ என்று பெயர். காலைச் செய்தி, மாலைச் செய்தி இரண்டும் அவளிடமிருந்துதான் கிளம்பும்.

“என்னடி, முகம் வெளுத்துப் போயிருக்கு?” என்றவள் கட்டிலைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. “ஓ… இப்படி ஆயிடுச்சா.”

“எப்படி ஆயிடுச்சு? தூங்குறாங்கக்கா.”

“இது தூக்கம் இல்லடி. என் மாமியாருக்கும் இதேதான். ரெண்டு நாள் இப்படியே குறட்டை. மூணாவது நாள் இல்ல. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடு. நான் வேணா கீழ்வீட்டுக்காரங்ககிட்ட…”

“யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க! ஒரு நிமிஷம் உங்க வாயை மூடிக்கிட்டு உக்காருங்க.”

வானொலி அக்காவிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சின்னவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தபோது குரல் குகைக்குள்ளிருந்து வருவது போல எதிரொலித்தது. எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தான்.

“அண்ணா, அம்மா கண்ணு முழிக்க மாட்டேங்கிறாங்க. மூச்சு விட்டு விட்டு வருது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா?”

மறுமுனையில் இரும்பு உரசும் சத்தம் நின்றது.

“அம்மா என்ன சொல்லியிருக்காங்க?” என்றான் மெதுவாக.

சின்னவளுக்குத் தெரியும். விழுந்தபோது அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். குழாய், ஊசி, ராத்திரியெல்லாம் அணையாத விளக்கு. வீட்டுக்கு வந்ததும் அம்மா அண்ணன், அண்ணி, இவள் மூன்று பேரையும் கட்டிலைச் சுற்றி நிற்கவைத்தாள். ‘என்ன ஆனாலும் சரி, இனிமே என்னை அங்க தூக்கிட்டுப் போகக் கூடாது. போறதுன்னா இந்தக் கட்டில்ல இருந்தே போறேன். தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க.’ மூன்று பேரும் பண்ணினார்கள்.

“ஞாபகம் இருக்குண்ணா.”

“அப்போ பேசாம பக்கத்துல இரு. கையைப் பிடிச்சுக்க. நான் இங்க வேற ஆளை நிறுத்திட்டு ஓடி வரேன். வலி மட்டும் தெரியக் கூடாது, பூதக்கண்ணாடி. இன்னைக்குப் பிளாஸ்திரி மாத்தற நாள். நான் மறந்துட்டு வந்துட்டேன். சமையலறை அலமாரி மேல் தட்டுல இருக்கு. வலது கையில ஒண்ணு இருக்கும். அதை எடுத்துட்டு அதே இடத்துல புதுசை ஒட்டிடு.”

பிளாஸ்திரி விவகாரம் இதுவரை அவள் கைக்கு வந்ததில்லை. அதையெல்லாம் அண்ணனும் அண்ணியும் பார்த்துக்கொள்வார்கள். பெட்டியைத் தேடி எடுத்தாள். உறையைக் கிழித்தாள். பின்னால் இருக்கும் தாளைப் பாதி உரித்தாள். இப்படித்தான் புது லென்ஸின் மேலிருக்கும் படலத்தையும் உரிப்பாள். விரல்களுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கட்டில் ஓரத்தில் மண்டியிட்டாள். ஒட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அம்மா தன்னைப் பார்க்கட்டும் என்று தோன்றியது. இடது கட்டைவிரலால் அம்மாவின் இமையை மெல்லத் தூக்கினாள்.

கருவிழி நடுவில் கறுப்பே இல்லை.

இருந்தது. ஊசியால் குத்தியது போல ஒரு புள்ளி.

கடையில் கண் பரிசோதிக்கிறவர் ஆட்களை முதலில் இருட்டறையில் உட்காரவைப்பார். இருட்டில் பாப்பா, கருவிழி நடுவில் இருக்கும் அந்தக் கறுப்பு வட்டம், விரியும். கிழவர்களுக்குக் கொஞ்சம் குறைவாக, ஆனால் விரியும். இங்கே திரைச்சீலை மூடியிருக்கிறது. அறை மங்கல். அம்மாவின் பாப்பாவோ உச்சி வெயிலில் நிற்பது போல ஒடுங்கிக் கிடக்கிறது. மற்றக் கண்ணையும் திறந்து பார்த்தாள். அதுவும் புள்ளிதான்.

இதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் வயதாகிப் போகிற கண் இப்படி இருக்காது என்று மட்டும் தோன்றியது. யாரோ உள்ளேயிருந்து கதவைச் சாத்தியது போல இருந்தது.

பாதி உரித்த பிளாஸ்திரி விரலில் தொங்கியது. அதைத் திரும்பத் தாளோடு சேர்த்து அழுத்திவிட்டு மேஜைமேல் எறிந்தாள். போனை எடுத்தாள்.

“அண்ணன்கிட்டயா பேசப் போற?” என்றாள் வானொலி அக்கா.

“இல்ல. ஆம்புலன்ஸுக்கு.”

“சத்தியம் பண்ணியிருக்கேன்னு நீதானே அன்னைக்கு…”

“பண்ணினேன். அவங்க எழுந்து என்னை அடிக்கட்டும்.”

அவசர எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். பதறாத குரல். முகவரியைக் கேட்டாள், வண்டி கிளம்பிவிட்டது என்றாள், அடுத்த கேள்விக்குப் போனாள்.

“உதடு என்ன நிறத்துல இருக்கு?”

சின்னவள் குனிந்து பார்த்தாள். “லேசா… நீலம்.”

“வலிக்கு மருந்து ஏதாவது சாப்பிடுறாங்களா? உடம்புல பிளாஸ்திரி மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கா?”

“ஒண்ணு இருக்கு. கையில.”

“உடனே எடுத்துடுங்க. மருந்துப் பக்கத்தை விரலால தொடாதீங்க, துணி வெச்சு எடுங்க. அந்த இடத்தை வெறும் தண்ணியில துடைங்க. வேற எங்கயாவது ஒட்டியிருக்கான்னு உடம்பு பூரா பாருங்க.”

“வேற எங்கயும் இருக்காது. ஒண்ணே ஒண்ணுதான்.”

“பாருங்கம்மா.”

போனை ஒலிபெருக்கியில் போட்டு வானொலி அக்காவின் கையில் திணித்தாள். அம்மாவின் சட்டையின் வலது கையை மேலே சுருட்டினாள். தோல், சுருக்கம், தோல். ஒன்றும் கண்ணில் படவில்லை. தன் போனில்தான் விளக்கு இருக்கிறது என்பது நினைவுக்கு வர, “அக்கா, விளக்கைப் போடுங்க. மேலேருந்து வேணாம். சாய்ச்சு, பக்கவாட்டுல அடிங்க” என்றாள். லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பாள். வெளிச்சம் சாய்ந்ததும் புஜத்தின் உட்பக்கம் ஒரு சதுரம் மினுங்கியது. கைக்குட்டையால் பிடித்து உரித்தாள்.

“எடுத்துட்டேன்.”

“முதுகு, மார்பு, தொடை. எல்லாம் பாருங்க. மூச்சு வருதா?”

வரவில்லை.

அம்மாவின் நெஞ்சுக்கூடு அசையாமல் கிடந்தது. சட்டைப் பொத்தான்கள் ஒரே இடத்தில் நின்றிருந்தன.

“இல்ல! மூச்சு இல்லைங்க! அம்மா! அம்மா!”

“தோளைத் தட்டுங்க. மூச்சு விடுங்கன்னு சத்தமா சொல்லுங்க. இந்த மருந்து மூச்சு விடறதையே மறக்கடிக்கும். நீங்கதான் ஞாபகப்படுத்தணும்.”

“அம்மா, மூச்சு விடு! மூச்சு விடும்மா!”

அம்மா ஒரு மூச்சு இழுத்தாள். கீழ்ப்படிகிற குழந்தை மாதிரி. இழுத்ததை விட்டாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

“இன்னொண்ணு! இன்னொண்ணு இழு!”

இழுத்தாள்.

சொன்னால்தான் வருகிறது. சொல்ல மறந்தால் வராது. இவளைப் பெற்றவளின் உயிர் இப்போது இவள் வாயில் இருக்கிறது. எச்சில் விழுங்கக்கூடப் பயமாக இருந்தது.

“அக்கா, போனை என்கிட்ட கொடுத்துட்டு நீங்க சொல்லுங்க. நிறுத்தாம சொல்லுங்க. நான் முதுகைப் பார்க்கணும்.”

வாழ்நாள் முழுவதும் ஊருக்குச் செய்தி சொன்ன வானொலி அக்கா கட்டிலின் மறுபக்கம் போய், அம்மாவின் காதருகே குனிந்து, இருக்கிற தொண்டையையெல்லாம் திறந்தாள். “பெரியம்மா! மூச்சு விடுங்க! விடுங்க பெரியம்மா! அப்படித்தான்! இன்னொண்ணு!” கீழ்வீட்டில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

சின்னவள் அம்மாவை ஒருக்களித்துச் சாய்த்தாள். எடையே இல்லை. வெந்நீர்ப் பை உருண்டு விழுந்தது. பின்சட்டையை மேலே தூக்கி விளக்கைச் சாய்த்தாள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், அம்மாவின் கை எந்தப் பக்கமிருந்தும் எட்டாத இடத்தில், இன்னொரு சதுரம் மினுங்கியது. அதைச் சுற்றித் தோல் சிவந்து சூடாக இருந்தது.

“இன்னொண்ணு இருக்கு” என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“எடுங்க. அந்த இடத்துல சூடு ஏதாவது வெச்சீங்களா? சூடு பட்டா மருந்து வேகமா உள்ள போகும்.”

தரையில் கிடந்த வெந்நீர்ப் பையைச் சின்னவள் பார்த்தாள். அவள்தான் வாங்கி வந்தாள். அவள்தான் தினமும், பொறுக்கும் சூட்டில், பார்த்துப் பார்த்து நிரப்பினாள்.

“வெச்சேன்” என்றாள்.

அந்த நேரத்தில்தான் அண்ணி உள்ளே நுழைந்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை; விடியும் முன் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவள். புருவமெல்லாம் மாவு. வாசலில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

“என்னாச்சு? அத்தைக்கு என்னாச்சு?” கண் சின்னவளின் கையிலிருந்த கைக்குட்டைக்குப் போனது. “அதை ஏன் உரிச்சே? நான்தானே முதுகுல ஒட்டினேன். கைக்கு எட்டினா பிச்சு எறிஞ்சிடுறாங்கன்னு…”

“அப்போ கையில இருந்தது?”

“கையிலயா? கையில எது?”

ஒரு கணம் அறையில் வானொலி அக்காவின் குரல் மட்டும்தான் கேட்டது. “விடுங்க பெரியம்மா… இன்னொண்ணு…”

“அண்ணன் வலது கையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கான். நீங்க முதுகுல. ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லையா அண்ணி?”

“எப்போ பேசுறது?” அண்ணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள். “நான் எந்திரிச்சுப் போகும்போது அவர் தூங்குறாரு. அவர் வரும்போது நான் தூங்குறேன். உடம்பு துடைக்கிறது நான். அவர் அம்மா முதுகைப் பார்க்க மாட்டாரு, கூச்சப்படுவாரு. கை வெறுமனே இருக்கிறதைப் பார்த்துட்டு, பிச்சு எறிஞ்சுட்டாங்கன்னு நினைச்சு இன்னொண்ணு ஒட்டியிருக்காரு. பெட்டி சீக்கிரம் காலியாச்சேன்னு போன்ல கேட்டேன். அம்மாதான் உரிச்சு எறியறாங்களேன்னாரு. நானும் சரின்னுட்டேன். விடியக்காலையில சின்ன விளக்குதான் போடுவேன், தூக்கம் கெடக் கூடாதுன்னு. கண்ணாடி மாதிரி இருக்கே, எங்க தெரியும்?”

பிய்ப்பதை அம்மா ஏன் நிறுத்தினாள் என்று இப்போது சின்னவளுக்குப் புரிந்தது. மருந்து பிடித்துப்போய் அல்ல. நகத்தைத் தூக்கும் தெம்பு போய்விட்டது. அதைத்தான் மூன்று பேரும் ‘நல்ல தூக்கம்’ என்று சொல்லி மகிழ்ந்திருக்கிறார்கள்.

மேஜைமேல் மூன்றாவது பிளாஸ்திரி கிடந்தது. பாதி உரிந்தது.

வண்டிச் சத்தம் கேட்டது. ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊழியர்கள் இரண்டு பேர் மாடிப்படி ஏறி வந்தார்கள். இருவரில் பெரியவர் அம்மாவின் இமையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். கைக்குட்டையில் இருந்த இரண்டு சதுரங்களையும் பார்த்தார். அவர் முகமூடி வைத்து மூச்சைக் கொடுக்க, இளையவர் அம்மாவின் கையில் மருந்தை முறிக்கும் ஊசியைப் போட்டார்.

“வருமா?” என்றாள் அண்ணி.

“பார்க்கலாம்” என்றார் பெரியவர்.

சின்னவள் தன் வாழ்க்கையில் இவ்வளவு கொடூரமான வார்த்தையைக் கேட்டதில்லை. அம்மாவின் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதட்டையே பார்த்தாள். நீலம். நீலம். இன்னும் நீலம். வானொலி அக்கா மட்டும் யார் சொல்லியும் கேட்காமல் தொண்டை கட்டிய குரலில், “மூச்சு விடுங்க பெரியம்மா” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அம்மாவின் கால்விரல் சுண்டியது.

பிறகு ஒரு பெருமூச்சு. யாரும் சொல்லாமல், தானாக. அதன் பின்னால் இன்னொன்று. உதட்டில் மெல்லச் சிவப்பு ஊறியது. இமை துடித்துத் திறந்தது. அம்மா கூரையைப் பார்த்தாள், புது ஆட்களைப் பார்த்தாள், கடைசியாகக் கால்மாட்டில் நின்ற மகளைப் பார்த்தாள்.

“எவடி… என் காதுல… கத்துனது?”

வானொலி அக்கா முந்தானை வரைக்கும் போகாமல் வெறும் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஆனால் பெரியவர் சிரிக்கவில்லை. “மருந்து இன்னும் தோலுக்குள்ள இருக்கு. இந்த ஊசியோட வேகம் சீக்கிரம் இறங்கிடும். மறுபடி மூச்சு நிக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.”

அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை கேட்டுவிட்டது. சின்னவளைத்தான் பார்த்தாள். “வேணாம்னு… சொன்னேன்ல.”

“நீ சொன்னேம்மா.”

“சத்தியம்… பண்ணுனேல்ல.”

“பண்ணினேன். இது நீ போற நேரம் இல்லம்மா. நாங்க மூணு பேரும் சேர்ந்து உன்னை அனுப்பப் பார்த்தோம். அதுக்கு நான் சத்தியம் பண்ணலை.”

அம்மா கண்ணை மூடினாள். சின்னவள் அம்மாவின் உதட்டருகே குனிந்தாள். இமை மறுபடி திறந்தது. “திரும்பி வந்து… உன்னை வெச்சுக்கிறேன்” என்றாள் அம்மா.

அண்ணன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு வந்தபோது உடுப்பெல்லாம் கிரீஸ். நடந்ததை அண்ணிதான் சொன்னாள். அவன் உட்காரவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“வேலையில நாங்க முதல்ல என்ன பண்ணுவோம் தெரியுமா?” என்றான், யாரையும் பார்க்காமல். “கூண்டுல கை வைக்கிறவன் மெயின் சுவிட்சுல தன் பூட்டைப் போட்டு, தன் அட்டையைத் தொங்கவிடுவான். அவன் கழட்டுற வரைக்கும் வேற எவனும் தொட முடியாது. ஒருத்தனுக்குத் தெரியாம இன்னொருத்தன் வேலை பார்த்தா யாராவது நசுங்கிச் செத்துடுவான். முப்பது வருஷமா புதுசா வர்ற பசங்களுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.”

கதவுக்கு உள்ளே ஏதோ கருவி கீச்சிட்டது. உட்கார்ந்திருந்த இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அது நிற்கும்வரை யாரும் உட்காரவில்லை. மறுநாளும் அப்படித்தான் இருந்தது.

அம்மா வீடு திரும்பினாள். இடுப்பு வலியும் கூடவே திரும்பியது. டாக்டர் பிளாஸ்திரியை நிறுத்திவிட்டுக் குறைந்த அளவில் சொட்டு மருந்து கொடுத்தார். அண்ணன் சமையலறை அலமாரிக்குப் பூட்டுப் போட்டான். வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த சிவப்பு அட்டையையும் சாவியையும் ஒரே கயிற்றில் கோத்தான். ‘வேலை நடக்கிறது. தொடாதே.’ பொறுப்பில் இருப்பவர் கழுத்தில் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தவர் கழுத்தில் கையால் மாட்டி, என்ன கொடுத்தோம் என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். அடுத்தவர் தூங்கினால் எழுப்ப வேண்டும்.

“என்னை என்ன ரிப்பேருக்கா விட்டிருக்கீங்க?” என்றாள் அம்மா அதைப் படித்துவிட்டு.

அண்ணியும் அண்ணனும் இப்போது விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். முதல் இரண்டு நாள் சண்டைதான் போட்டார்கள் என்று மேல்மாடியிலிருந்து செய்தி வந்தது.

சின்னவள் மதியம் வந்தாள். அண்ணன் அட்டையை அவள் கழுத்தில் மாட்டி, கொடுத்த மருந்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். வெந்நீர்ப் பை எங்கே என்று அம்மா கேட்டாள். கிழிந்துவிட்டது என்று பொய் சொன்னாள். பால் கொடுத்தாள். அம்மா குடித்தாள், கண்ணயர்ந்தாள்.

மூச்சு சீராக வந்தது. ஏறியது, இறங்கியது. சின்னவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளி அவளுக்குத் தாங்கவில்லை. இன்று கொஞ்சம் நீளமோ? நேற்றைவிட? வாய் தானாகத் திறந்தது. “மூச்சு விடும்மா” என்று சத்தமில்லாமல் உதடு அசைந்தது. பைக்குள் கை போனது. லென்ஸை எடுத்து மூக்குக்கு நேரே கொண்டுபோனாள்.

“கண்ணாடியை அந்தாண்ட எடு” என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். “இருக்கேன்.”

லென்ஸ் முழுவதும் ஆவி படிந்திருந்தது. சின்னவள் அதைத் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள், அது மறையும்வரை. மறைந்ததும் மறுபடி நீட்டினாள்.